ஒஸ்போர்ன் மரவீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: எங்கள் தமிழ்ப் பாடசாலை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் சுற்றுலாப் பொறுப்பாளர்களுக்கும்,

இந்த ஆண்டு மாணவர் சுற்றுலாவுக்காக நீங்கள் வெளியிட்ட அறிவித்தலில், இங்கிலாந்தின் வைட் தீவில் விக்டோரியா அரசி வாழ்ந்த ஒஸ்போர்ன் மாளிகையில் பிள்ளைகள் பார்க்க வேண்டியவையாக அரச குடும்பத்தின் அறைகள், தர்பார் மண்டபம், கடற்கரை ஆகிய மூன்றை மட்டும் குறித்திருக்கிறீர்கள். முன்னைய ஆண்டுகளில் பட்டியலில் இருந்த சுவிஸ் கொட்டேஜ் என்ற மரவீடு நீக்கப்பட்டிருக்கிறது. அது அரச பிள்ளைகளின் விளையாட்டு வீடு என்றும், வரலாற்றுப் பெறுமதி குறைந்தது என்றும், அங்கே நடந்து போய்வரும் நேரம் வீண் என்றும் ஒரே வரியில் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச எழுந்தபோது நேரம் போதாது என்று நிறுத்தப்பட்டதால், எல்லாப் பெற்றோரும் படிக்கும்படி எழுத்தில் தருகிறேன்.

என் பிள்ளைகள் இந்தப் பாடசாலையில் படித்தவர்கள். பழைய கட்டடங்களின் மரவேலையைப் பரிசோதித்து, எந்த உத்தரம் இன்னும் தாங்கும், கூரையைத் தாங்கும் எந்தக் கைமரத்தை மாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதுவது என் தொழில். சுற்றுலாவில் துணைக்கு வரும் பெற்றோரில் ஒருவனாக அந்த மரவீட்டின் முன்னால் பிள்ளைகளோடு நின்றிருக்கிறேன். ஆகவே அதன் பெறுமதியைப் பற்றித் தொழில் அறிந்தவனாகவும், பிள்ளைகள் அங்கே என்ன கற்றார்கள் என்பதை நேரில் கண்டவனாகவும் பேச எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் அந்த வீடு என்னவென்று பார்ப்போம். விக்டோரியா அரசியும் அவருடைய கணவர் அல்பேர்ட்டும் தங்கள் பிள்ளைகளுக்காக அதைக் கட்டுவித்தனர். 1853ஆம் ஆண்டு மே மாதத்தில் பிள்ளைகளே அடிக்கல் வைத்தார்கள். அடுத்த ஆண்டு வீடு அவர்கள் கைக்கு வந்தது. ஆல்ப்ஸ் மலையின் மரவீடுகளைப் போல இரண்டு தட்டுகளாக அமைந்தது அது. கிடையாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மரங்கள், மூலைகளில் ஒன்றையொன்று கடந்து வெளியே நீளும் முனைகள், மேல்தட்டை ஒட்டிய பால்கனி, அதற்கு ஏறும் வெளிப்புறப் படிக்கட்டு, சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு நிழல் விழுத்தும் கூரை விளிம்பாகிய இறவாரம், கூரையின் மேல் வரிசையாக வைத்த கற்கள், வெளிச்சுவரில் ஜேர்மன் மொழியில் செதுக்கிய வேதாகம வாசகங்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரு பிள்ளை கீழே நின்றபடியே பார்த்துவிடலாம். மாளிகைக்குள் கயிற்றுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் பொருள்களைப் போல இவை எட்டாத தொலைவில் இல்லை.

மூலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டட மரபின் முழு இரகசியமும் அங்கேதான் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைத் தச்சர் சதுரித்த மரங்களைக் கிடையாக வைத்துச் சுவர் எழுப்பும்போது, இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு மரத்திலும் ஒரு பொளி வெட்டுவார். அடுத்த சுவரின் மரம் அந்தப் பொளிக்குள் உட்காரும். இப்படி மாறி மாறி அடுக்கும்போது நான்கு சுவர்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஆணியோ இரும்புப் பட்டையோ பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் பொளிக்கு அப்பால் மரம் கொஞ்சமாவது நீண்டிருக்க வேண்டும். முனையோடு முனையாக வெட்டிவிட்டால் பாரம் ஏறும்போது அந்த இடம் நார் வழியே பிளந்து கழன்றுவிடும். மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும் அந்த முனைகள் அழகுக்காக விட்டவை என்றுதான் பார்ப்பவர் முதலில் நினைப்பார். பொருத்தைக் காப்பதற்காகத் தச்சர் விட்ட மிச்சம் அது.

ஒரு முறை எங்களோடு வந்த ஒரு சிறுமி, எட்டு அல்லது ஒன்பது வயதிருக்கும், மூலையில் நின்று மரங்களைக் கீழிருந்து மேலாக விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். கூரைக்கு அருகில் வந்ததும் எண்ணுவதை நிறுத்தி, “மேலே போகப் போக ஏன் நீளமாகுது?” என்று கேட்டாள். அவளுக்கு நான் விடை சொல்லவில்லை; கூரை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். சிறிது நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அது கூரையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது” என்றாள். அவள் சொன்னது சரி. இந்த மரபில் மேல் வரிசை மரங்கள் ஒன்றைவிட ஒன்று சற்று நீண்டு, படிப்படியாக வெளியே வந்து, இறவாரத்தின் பாரத்தைத் தாங்கும் தாங்கிகளாகின்றன. அந்த முனைகளில்தான் தச்சர் வளைவும் நெளிவுமாகச் செதுக்குவார். கட்டடக் கலைக் கல்லூரியில் முதலாண்டு மாணவருக்குப் படம் வரைந்து விளக்கும் ஒரு விடயத்தை எங்கள் பாடசாலைப் பிள்ளை தன் கண்ணால் கண்டுபிடித்தாள். இதை நேர விரயம் என்று அறிவித்தலில் எழுதியவர் அன்று அங்கே நின்றிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

மரம் உலரும்போது நீளவாட்டில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான் குறுகும். குறுக்குவாட்டிலோ நூற்றுக்குப் பல பங்கு குறுகிவிடும். நட்டு நிறுத்திய தூண்களாலான வீட்டுக்கு இது பெரிய தொல்லை இல்லை. கிடையாக அடுக்கிய மரச்சுவருக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, முழுச் சுவரும் முதற் சில ஆண்டுகளில் பல சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். இதை அறிந்த தச்சர் கதவு, யன்னல் நிலைகளுக்கு மேலே ஓர் இடைவெளி விடுவார். சுவர் தாழும்போது அதன் பாரம் நிலையின் மேல் இறங்கிக் கண்ணாடியை உடைக்காதிருக்க அது உதவும். அந்த இடைவெளியை மறைக்க ஒரு பலகை தேவை. மறைக்கிற பலகை கண் பார்க்கிற இடத்தில் இருப்பதால் அதில் பூவும் கொடியும் செதுக்கினார்கள். ஆக, தேவை ஒன்று முன்னே போக, அலங்காரம் அதன் பின்னால் வந்தது. அகலமான இறவாரமும் அப்படித்தான்: சுவர் மரத்தின் வெட்டுமுனைகளுக்குள் நீர் இறங்கினால் உக்கல் அங்கிருந்தே தொடங்கும் என்பதால் மழையையும் பனியையும் சுவரிலிருந்து தள்ளி விழச் செய்ய அதை நீட்டினார்கள். பல வீடுகளில் நான் கண்ட உக்கல் பெரும்பாலும் இறவாரத்தைக் குறைத்த இடத்திலும் நீர் வடிகால் அடைபட்ட இடத்திலும்தான் இருந்தது.

இனி, வைட் தீவில் ஆல்ப்ஸ் மலையின் பனி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி; பிள்ளைகளும் இதைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். மலையில் மரச்சில்லுக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமலிருக்கக் கல் வைத்தார்கள். சொலென்ட் கடற்கால்வாய்க்கு அருகில், பூங்காவின் நடுவில் இருக்கும் ஒரு விளையாட்டு வீட்டின் கூரையில் அதே கல் நினைவின் அடையாளமாக இருக்கிறது. ஓரிடத்தில் பிழைப்புக்காகச் செய்தது இன்னோரிடத்துக்குப் போகும்போது அலங்காரமாகிறது. அல்பேர்ட் ஜேர்மனியின் கோபுர்க் அருகே ரோசனோவில் 1819இல் பிறந்தவர். திருமணத்துக்கு முன், 1837இல், சுவிட்சர்லாந்தில் பயணம் செய்தபோது ரீகி மலையில் பறித்த பூவொன்றைப் பாடம் செய்து விக்டோரியாவுக்கு அனுப்பியவர். பிறந்த மண்ணையும் இளமையில் கண்ட மலையையும் விட்டு வந்த ஒருவர், தன் பிள்ளைகளுக்குத் தான் கண்ட வீட்டைக் கட்டிக் கொடுத்தார். ஈலிங்கில் பழைய கிறிஸ்தவ வழிபாட்டுக் கட்டடம் ஒன்று அம்மன் கோயிலாகியிருப்பதைக் கண்டு வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு, கட்டட வடிவங்கள் இடம்பெயரும்போது என்ன ஆகின்றன என்ற கேள்வி அந்நியமானதாக இருக்காது.

தர்பார் மண்டபத்தை மட்டும் வைத்துக்கொண்டது ஏன் என்பதற்கு, அது இந்தியத் தொடர்புடையது என்ற காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த மண்டபத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். 1890, 1891ஆம் ஆண்டுகளில் லாகூரிலிருந்து வந்த கைவினைக் கலைஞர் பாய் ராம் சிங், லாகூர் கலைப் பள்ளி முதல்வர் லொக்வூட் கிப்ளிங்கோடு சேர்ந்து அமைத்த வெண்ணிற வேலைப்பாடு எவரையும் நிற்க வைக்கும். ஆனால் அதைத் தனியே பார்த்தால் பாதிப் பாடம்தான். பஞ்சாப்பில் மரத்திலும் கல்லிலும் செதுக்கிய வடிவங்கள் அங்கே சாந்தில் எழுந்திருக்கின்றன. கட்டிய சுவரின் மேல் அலங்காரம் பிறகு பொருத்தப்பட்டிருக்கிறது. மாளிகையின் வெளிப்புறத்தைப் பாருங்கள்: கட்டட ஒப்பந்தக்காரர் தோமஸ் கியூபிட் 1845 முதல் 1851 வரை கட்டியது, உள்ளே செங்கல், வெளியே கல்லைப் போலத் தோன்றும் சிமெந்துப் பூச்சு. இந்த இரண்டையும் பார்த்த கண்ணோடு மரவீட்டுக்குப் போனால், பொருத்தும் தாங்கியும் அப்படியே வெளியே தெரிய, அவற்றின் மேலேயே செதுக்கல் வேலை நடந்திருக்கும் ஒரு மரபு எதிரில் நிற்கிறது. பூச்சு, ஒப்பனை, கட்டுமானம் ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில், ஒரே பகலில், கட்டணமும் ஒரே நுழைவுச்சீட்டில் அடங்கக் கிடைக்கும்போது, மூன்றாவதை வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவது எப்படிச் சரியாகும்?

விளையாட்டு வீடு என்ற சொல்லும் உங்கள் அறிவித்தலில் குறைவான பொருளில் வந்திருக்கிறது. அந்த வீட்டின் கீழ்த்தட்டில் பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற அடுப்புகளும் பாத்திரங்களும் கொண்ட சமையற்கட்டு இருக்கிறது. இளவரசிகள் அங்கே சமைத்துப் பெற்றோரை அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள். வீட்டை ஒட்டிய தோட்டத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பாத்திகள் இருந்தன. விளைந்த காய்கறிகளைத் தோட்டக்காரர் பார்த்து ஒப்புக்கொண்ட பின், அல்பேர்ட் சந்தை விலை கொடுத்து வாங்கினார். பெயரெழுத்துக் குறித்த சிறிய தள்ளுவண்டிகளும் கருவிகளும் இன்றும் அங்கே கொட்டிலில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்தும் யாருடையது என்று ஊகித்து ஒருவரோடொருவர் வாதிட்டதைப் பார்த்திருக்கிறேன். அருகிலேயே அதே பாணியில் 1862இல் எழுந்த சிறிய அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் சேர்த்த கற்களும் பறவைகளும் கிளிஞ்சல்களும் இருக்கின்றன. அல்பேர்ட் சிறுவயதில் தன் தமையனோடு இப்படியே சேர்த்தவர். 1861 டிசம்பரில் இறந்துவிட்டதால் அந்தக் கட்டடத்தை அவர் பார்க்கவில்லை. கட்டட வடிவம், சமையல், தோட்டம், சேகரிப்பு எல்லாம் சேர்ந்து பிள்ளை எப்படிக் கற்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை. ஒரு பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் அந்த வளாகத்தில் எது?

பேரரசு ஆண்டவர்களின் செல்லப் பிள்ளைகள் விளையாடிய இடத்தை எங்கள் பிள்ளைகள் ஏன் வியக்க வேண்டும் என்று குழு உறுப்பினர் ஒருவர் என்னிடம் தனியே கேட்டார். அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் மதிக்கிறேன். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் வந்ததே 1842இல்தான். அதற்குப் பத்து ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், அரச பிள்ளைகளுக்கு உழைப்பு ஒரு விளையாட்டாகக் கற்பிக்கப்பட்டது. இந்த முரணை அந்தத் தள்ளுவண்டிகளின் முன்னால் நின்று சொன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். வகுப்பறையில் சொன்னால் தேதியாகத்தான் போய்ச் சேரும். வியக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். மேலும், தர்பார் மண்டபத்துக்கு இதே கேள்வியை நீங்கள் எழுப்பவில்லை.

அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை என்ற வாதமும் நிற்காது. அடிக்கல் வைத்தபோது ஒன்பதாவது வயதை எட்டாதிருந்த அரசியின் மகன் அல்பிரட், 1870இல் இலங்கைக்கு வந்தார். அவரை வரவேற்று விருந்தளித்த கொழும்பு மாளிகைக்கு அவருடைய பெயரே அமைந்தது. மரவீட்டுக்கு அருகில் மண்கோட்டை கட்டி விளையாடிய தம்பி ஆர்தர், முதுமையில் கனோட் கோமகனாக 1921 ஜனவரியில் சென்னைச் சட்டமன்றத்தைத் தொடக்கி வைத்தார்.

நேரத்தைப் பற்றி நேர்மையாகப் பேசுவோம். சவுத்தாம்ப்டனிலிருந்து படகேறி ஈஸ்ட் கௌஸில் இறங்கிப் போய்ச் சேரவே காலைப்பொழுதில் பெரும்பங்கு போய்விடும் என்பது உண்மை. கடந்த சுற்றுலாவில் மரவீட்டை நிகழ்ச்சியின் கடைசியில் வைத்தீர்கள். சாப்பாடு முடிந்து, கடற்கரையில் ஓடி, கால் வலிக்க வந்த பிள்ளைகளிடம், படகுக்கு நேரமாகிறது என்று சொல்லிச் சமையற்கட்டையும் அருங்காட்சியகத்தையும் வரிசையாகக் கடக்க வைத்தோம். மூலையில் நின்று பார்க்க ஒருவருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. பிறகு, பிள்ளைகள் ஆர்வம் காட்டவில்லை என்று அறிக்கையில் எழுதப்பட்டது. ஆர்வம் காட்டும் நிலையில் நாங்கள் அவர்களை அங்கே கொண்டுபோகவில்லை என்பதே நான் கண்ட உண்மை. கையேட்டிலும் மாளிகைக்குப் பல பக்கங்கள் ஒதுக்கி, மரவீட்டுக்குப் பின்னட்டையில் ஒரு மங்கலான படம் மட்டும் போட்டிருந்தோம். அதற்குக் கீழே ஒரு விளக்க வரிகூட இல்லை.

ஆகவே பின்வருவனவற்றைக் கேட்கிறேன். அறிவித்தலைத் திருத்தி, சுவிஸ் கொட்டேஜை இந்த ஆண்டு நிகழ்ச்சியிலேயே மீண்டும் சேருங்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம், இந்த ஆண்டோடு பாடசாலையை விட்டுப் போகும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு இல்லை. அதை நாளின் முதல் நிகழ்ச்சியாக வையுங்கள். படகிலிருந்து இறங்கியதும், உடல் களைக்கும் முன், நேரே அங்கே நடந்து போய் வெளியிலிருந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரமாவது ஒதுக்கி, அதன் பிறகு உள்ளே போகலாம். மாளிகையும் தர்பார் மண்டபமும் அதற்குப் பின் வரட்டும். கடற்கரை நேரத்தைக் குறைத்தால் இதற்கு வேறு எந்தச் செலவும் இல்லை. நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் வாகன ஏற்பாடு உண்டா என்று வளாகத்தினரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெற்றோருக்கு அறிவியுங்கள்.

கையேட்டில் மரவீட்டுக்கு மூன்று பக்கங்கள் தாருங்கள். எழுதுவதையும் மூலைப் பொருத்தின் படங்களை வரைவதையும் நான் ஊதியம் இல்லாமல் செய்து தருகிறேன். தமிழாசிரியர் ஒருவர் மொழியைத் திருத்தித் தந்தால் போதும். அதில் உத்தரம், கைமரம், பொளி, இறவாரம், வைரம் (மரத்தின் உறுதியான உட்பகுதி) போன்ற தச்சுச் சொற்கள் படத்தோடு இருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மூலையை மட்டும் நின்று பார்த்துப் பென்சிலால் வரையட்டும். புகைப்படம் எடுப்பதை அதற்குப் பிறகு அனுமதியுங்கள்.

சுற்றுலாவுக்கு முந்திய சனிக்கிழமை மேல்வகுப்புக்கு ஒரு பாடவேளையைத் தந்தால், பொளி வெட்டிய சிறு மரத்துண்டுகளைக் கொண்டுவந்து பிள்ளைகளே அடுக்கிப் பார்க்கும்படி செய்வேன். கூர்மையான கருவி எதுவும் வகுப்பறைக்குள் வராது. வெட்டும் வேலை முழுவதையும் வீட்டில் முடித்துக் கொண்டுவருவேன்.

இறுதியாக, பிள்ளைகள் பார்க்கும் இடங்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடிவெடுக்கும் முன், அந்த இடத்துக்குப் பிள்ளைகளோடு போய் வந்த பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் எழுத்தில் கருத்துக் கேட்பதை விதியாக்குங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்த்து, படகுச் சீட்டுகளைப் பதிவு செய்யும் முன் உங்கள் முடிவை எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாடசாலையின் பழைய மாணவர்களின் தந்தையும் சுற்றுலாத் துணைப் பெற்றோருமான ஒருவர்